மனித உரிமையில் இழந்த நம்பிக்கையை ஒரு நாடு மீட்பது எப்படி? மாஹிர் அரார் வழக்கில் கனடா தரும் பாடம்

ஒருவர் மீது அபாண்டம் சுமத்தி, ஊரார் முன் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டு, பிறகு தனியாக அவர் வீட்டுக்குப் போய் "தவறாகச் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றால் கணக்கு தீர்ந்துவிடுமா? தீராது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். யார் யாரிடம் பழி சொல்லப்பட்டதோ, அவர்கள் முன்னால் அது திரும்பப் பெறப்பட வேண்டும்.

மத்ரஸாக்களில் தவ்பாவின் பாடத்தில் இதை ஓதியிருக்கிறோம். அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான பாவம் என்றால் மூன்று நிபந்தனைகள்: பாவத்தை விட்டு விலகுவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. சக மனிதனின் உரிமை அதில் சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவது ஒன்று சேர்ந்துகொள்கிறது. பறித்த உரிமையை உரியவரிடம் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

தனி மனிதருக்குச் சொல்லப்பட்ட இந்த அளவுகோலை ஓர் அரசின் மீது வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? உலக அரங்கில் மனித உரிமை பேசும் நாடு ஒன்று, தன் குடிமகனையே சித்திரவதைக்குப் போகும்படி விட்டுவிட்டால், இழந்த நம்பிக்கையை அது எப்படி மீட்க முடியும்? இதற்கு நாம் நன்கு ஆராயத் தக்க ஓர் உண்மை வழக்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த மாஹிர் அராருடைய வழக்கு அது.

விமான நிலையத்தில் நின்றுபோன பயணம்

மாஹிர் அரார் சிரியாவில் பிறந்தவர். 1987-ல், பதினேழு வயதில், குடும்பத்துடன் கனடாவுக்கு வந்து அந்நாட்டுக் குடிமகனானார். தொலைத்தொடர்புத் துறைப் பொறியாளர். மனைவி மோனியா மாஸிக் துனீசியாவில் பிறந்தவர், நிதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இரண்டு சிறு குழந்தைகள்.

2002 செப்டம்பர் 26 அன்று, துனீசியாவில் விடுமுறையைக் கழித்துவிட்டு வேலை நிமித்தம் தனியாகக் கனடா திரும்பிக்கொண்டிருந்தார். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் விமானம் மாற வேண்டும். அங்கே அமெரிக்க அதிகாரிகள் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். சுமார் இரண்டு வாரங்கள் அங்கேயே காவலில் வைத்திருந்தார்கள். கையில் இருந்தது கனடா கடவுச்சீட்டு, போக வேண்டியது கனடா. ஆனால் அக்டோபர் 8 அன்று ஒரு தனி விமானத்தில் ஜோர்தானுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தரைவழியாகச் சிரியாவில் சேர்த்துவிட்டார்கள்.

டமாஸ்கஸில் "ஃபலஸ்தீன் கிளை" என்று அழைக்கப்பட்ட இராணுவ உளவுத்துறைச் சிறையில் அவர் அடைக்கப்பட்டார். மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஏழடி உயரம் கொண்ட அறை. பிற்பாடு அவர் அதைக் கப்ரு என்றே குறிப்பிட்டார். அதற்குள் சுமார் 10 மாதங்கள் இருந்தார். தொடக்க நாட்களில் மின்கம்பியால் அடித்தார்கள். வலி தாங்க முடியாமல், தாம் ஒருநாளும் கால் வைக்காத ஆப்கானிஸ்தானில் பயிற்சி பெற்றதாக ஒப்புக்கொண்டார். 2003 அக்டோபர் 5 அன்று, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் விடுவிக்கப்பட்டார்.

ஒரு பெயர் பட்டியலுக்குள் போனது எப்படி?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, கனடாவின் தேசியக் காவல்துறையான ஆர்.சி.எம்.பி., ஒட்டாவாவில் ஒரு தனி விசாரணைக் குழுவை அமைத்தது. அந்தக் குழு கண்காணித்தவர்களில் அப்துல்லாஹ் அல்மால்கி என்பவர் ஒருவர். 2001 அக்டோபரில் அல்மால்கியும் அராரும் ஓர் உணவகத்தில் சந்தித்துப் பேசினார்கள். கண்காணிப்பாளர்கள் கண்ணில் அது பட்டது. அரார் முன்பு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தபோது ஒப்பந்தத்தில் அல்மால்கி சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்ததும் கோப்பில் சேர்ந்தது.

ஒரே ஊரில் வாழும் இரண்டு சிரிய வம்சாவளியினர் சந்திப்பதிலும், ஒருவருக்கு ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவதிலும் என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் குழு அராரையும் அவர் மனைவியையும், அல்காயிதாவுடன் தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கப்படும் "தீவிரவாதிகள்" என்று அமெரிக்க எல்லைக் காவலுக்கு எழுதியது. ஒரு பொருளாதார ஆய்வாளரும் அந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டார். மேலும், விசாரணைக் கோப்பில் இருந்த தகவல்களைச் சரிபார்க்காமலும், "இதை எங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது" என்ற வழக்கமான நிபந்தனையை இணைக்காமலும் குறுந்தகடுகளில் அமெரிக்க அமைப்புகளுக்குக் கொடுத்தது.

கைது செய்தவர்கள் அமெரிக்கர்கள். அடித்தவர்கள் சிரியர்கள். ஆனால் முதல் பொய் கனடாவில் தட்டச்சானது.

மனைவி தட்டிய கதவுகள்

கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நாட்களில் மோனியா மாஸிக் கனடா திரும்பி, கைக்குழந்தையோடு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். நாடாளுமன்றத்தின் முன் நின்றார். அமைச்சர்களுக்கும் பிரதமருக்கும் எழுதினார். ஹிஜாப் அணிந்த ஒரு பெண், அந்தக் காலச் சூழலில், "பயங்கரவாதி" என்று முத்திரை குத்தப்பட்டவருக்காகப் பேசுவது எளிதல்ல. உதவ முன்வந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், முஸ்லிம் அல்லாத மனித உரிமை ஆர்வலர்களும் வழக்கறிஞர்களும் எதிர்க்கட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள்.

அரார் திரும்பிய பிறகும் பிரச்சினை ஓயவில்லை. பெயர் சொல்லாத அதிகாரிகள் பத்திரிகைகளுக்குச் செய்தி கசியவிட்டார்கள். சித்திரவதையில் பிடுங்கப்பட்ட அந்த "ஒப்புதல்" இப்போது நாளிதழ்களில் செய்தியாக வந்தது. 2004 ஜனவரியில் அப்படிப்பட்ட ஒரு செய்தியின் மூலத்தைத் தேடி, காவல்துறை ஒரு பெண் பத்திரிகையாளரின் வீட்டைச் சோதனையிட்டது. நாடே கொதித்தது. ஒரு வாரத்துக்குள், ஜனவரி 28 அன்று, பகிரங்க விசாரணை ஆணையத்தை அரசு அறிவித்தது. அதுவரை, இதை உள்ளுக்குள்ளேயே விசாரிக்கலாம் என்றுதான் அரசு சொல்லிவந்தது.

ஆணையம் செய்தது என்ன?

ஒண்டாரியோ மாகாண உயர் நீதித்துறையைச் சேர்ந்த நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமை தாங்கினார். அரசு அவருக்கு இரகசியக் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரம் கொடுத்தது. அதிகாரிகளைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தார். அரார் சித்திரவதை செய்யப்பட்டாரா என்பதை மட்டும் தனியாக ஆராய, பேராசிரியர் ஸ்டீஃபன் டூப்பை நியமித்தார். அராரின் கூற்று உண்மை என்று டூப் 2005-ல் முடிவு தெரிவித்தார்.

2006 செப்டம்பர் 18 அன்று ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அதன் முக்கியமான முடிவுகள் இவை:

அரார் எந்தக் குற்றமும் செய்ததற்கோ, கனடாவின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாக இருந்ததற்கோ சான்று ஏதும் இல்லை.

அவரைச் சிரியாவுக்கு அனுப்பும் முடிவில் கனடா அதிகாரிகள் பங்கேற்றதற்குச் சான்று இல்லை. ஆனால் கனடா கொடுத்த தவறான தகவல்களை நம்பியே அமெரிக்கா அந்த முடிவை எடுத்திருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு.

அவர் திரும்பிய பிறகு அதிகாரிகள் கசியவிட்ட செய்திகள் அவருடைய நற்பெயருக்குக் கேடு செய்தன.

இதில் முதல் முடிவை நாம் கவனிக்க வேண்டும். "குற்றம் நிரூபிக்கப்படவில்லை" என்பது ஒரு வகை. அந்தச் சொல்லில் சந்தேகத்தின் நிழல் எப்போதும் ஒட்டியிருக்கும். ஓ'கானர் அப்படி விடவில்லை. இந்த மனிதர் மீது எதுவும் இல்லை என்று திட்டவட்டமாக எழுதினார். பழி அரசின் தாளில் எழுதப்பட்டது, அதை அழிக்கும் வாக்கியமும் அரசு அமைத்த ஆணையத்தின் தாளிலேயே எழுதப்பட்டது.

அறிக்கையின் சில பகுதிகளைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு கறுப்படித்திருந்தது. ஆணையம் நீதிமன்றம் சென்றது. 2007 ஆகஸ்டில் அந்தப் பகுதிகளில் சில வெளியானபோது, அராரைச் சித்திரவதை நடக்கும் நாட்டுக்கு அமெரிக்கா அனுப்பக்கூடும் என்று கனடா உளவுத்துறைக்குள் அப்போதே ஐயம் இருந்தது தெரியவந்தது. நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரில் மறைக்கப்பட்டது, அதிகாரிகளின் சங்கடம்தான்.

மன்னிப்பும் நஷ்ட ஈடும்

அறிக்கை வந்த இரண்டாம் நாள் கனடா நாடாளுமன்றத்தின் கீழவை ஒருமனதாக அராரிடம் மன்னிப்புக் கேட்டது. காவல்துறைத் தலைவர் ஜூலியானோ ஸக்கார்டெல்லி செப்டம்பர் 28 அன்று பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். தவறு நடந்ததை எப்போது அறிந்தார் என்பது பற்றி முன்னுக்குப் பின் முரணாகச் சாட்சியம் அளித்ததால், டிசம்பரில் பதவி விலகினார்.

2007 ஜனவரி 26 அன்று பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர், அரார், மோனியா மாஸிக், அவர்கள் குடும்பம் அனைவரிடமும் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 10.5 மில்லியன் கனடா டாலர் நஷ்ட ஈடும், வழக்குச் செலவும் தருவதாக அறிவித்தார். தவறு நடந்தபோது ஆட்சியில் இருந்தது வேறு கட்சி. "அது அவர்கள் காலத்தில் நடந்தது" என்று ஹார்ப்பர் ஒதுங்கியிருக்கலாம். அரசு என்பது தொடரும் ஒன்று, கடனும் அதனுடன் தொடரும் என்பதை அந்தக் கையெழுத்து ஒப்புக்கொண்டது.

அத்துடன், அராரின் பெயரைத் தடைப்பட்டியலில் இருந்து நீக்கும்படி அமெரிக்காவிடம் கனடா கேட்டது. அமெரிக்கா மறுத்தது. அந்நாட்டின் கோப்பை நேரில் பார்த்த கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர், அவரைப் பட்டியலில் வைக்கக் காரணம் எதுவும் அதில் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2015-ல் கனடா காவல்துறை, அராரைச் சித்திரவதை செய்ததாக ஒரு சிரிய இராணுவ அதிகாரி மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. ஒரு காலத்தில் அராரைச் சந்தேகித்த அதே காவல்துறை அது.

அதே நாடு, மற்றவர்களின் கதை

இத்துடன் முடித்தால் கனடாவைப் புகழ்ந்த கட்டுரையாகிவிடும். நாம் இன்னும் சில கோப்புகளையும் திறக்க வேண்டும்.

அல்மால்கியும், அஹ்மத் அல்மாத்தி, முஅய்யத் நூருத்தீன் ஆகிய வேறு இரண்டு கனடா முஸ்லிம்களும் அதே ஆண்டுகளில் சிரியச் சிறையில் வதைக்கப்பட்டார்கள். அல்மால்கியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கனடா காவல்துறையே எழுதி சிரிய உளவுத்துறைக்கு அனுப்பியது. இவர்களுக்காக அமைக்கப்பட்ட விசாரணை பெரும்பாலும் மூடிய கதவுக்குள் நடந்தது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க் யாகோபுச்சி 2008 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, கனடா அதிகாரிகளின் செயல்கள் மறைமுகமாக இவர்கள் அனுபவித்த கொடுமைக்குப் பங்களித்தன என்றது. ஆனாலும் அரசு நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டே இருந்தது. மன்னிப்பும் நஷ்ட ஈடும் வந்தது 2017 மார்ச்சில். அறிக்கைக்கும் மன்னிப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அராரின் பெயரை உலகம் அறியும். இந்த மூவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

உமர் கத்ர் என்ற கனடா இளைஞன் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையிடம் பிடிபட்டபோது வயது பதினைந்து. குவாண்டனாமோவில் அவனை கனடா அதிகாரிகளும் போய் விசாரித்தார்கள். அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் அவன் கனடா சிறைக்கு மாற்றப்பட்டது 2012-ல், மன்னிப்பு வந்தது 2017-ல். அந்த நஷ்ட ஈட்டைக் கனடா மக்களில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். நிரபராதி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதி தருவது ஓரளவு எளிது. மக்கள் வெறுக்கும் ஒருவருக்கும் உரிமை உண்டு என்று ஏற்கும் இடத்தில்தான் ஒரு நாட்டின் சொல் சோதிக்கப்படுகிறது.

சட்டம் மாற எவ்வளவு காலம்?

"இனிச் செய்வதில்லை" என்ற உறுதியை ஓர் அரசு சட்டத்தால்தான் எழுத முடியும். ஓ'கானர் 2006 டிசம்பரில் இரண்டாவது அறிக்கை ஒன்றையும் தந்தார். காவல்துறை, உளவு, எல்லைக் காவல் போன்ற அமைப்புகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும்போது, அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பும் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்க முடிய வேண்டும் என்றார்.

அது உடனே நடக்கவில்லை. 2011-ல் அரசு எதிர்த்திசையில்கூடப் போனது. உயிராபத்து போன்ற விதிவிலக்கான நேரங்களில், சித்திரவதையால் கிடைத்திருக்கக்கூடிய தகவலையும் பயன்படுத்தலாம் என்று உளவுத்துறைக்கு வழிகாட்டுதல் தந்தது. 2019-ல்தான் பாதுகாப்பு அமைப்புகள் அனைத்தையும் ஆராயும் ஒரே மறுஆய்வு அமைப்பு உருவானது. வெளிநாட்டில் ஒருவர் வதைக்கப்படும் ஆபத்து இருந்தால் தகவல் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. எல்லைக் காவல் அமைப்பின் மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் அமைக்கும் சட்டம் 2024-ல்தான் நிறைவேறியது. மன்னிப்புக்கு நான்கு மாதம் போதுமாக இருந்தது. சட்டத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

அமெரிக்கா எடுத்த வழி

அராரைச் சிரியாவில் சேர்த்த அமெரிக்கா, இன்றுவரை அரசு என்ற முறையில் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. 2007-ல் நாடாளுமன்ற விசாரணை ஒன்றில் சில உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் வருத்தம் தெரிவித்தார்கள். வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ், விஷயம் சரியாகக் கையாளப்படவில்லை என்ற அளவில் நின்றுகொண்டார். அரார் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் தள்ளுபடி செய்தது. 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை எடுக்க மறுத்தது. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்ற கேள்விக்கே எந்த நீதிமன்றமும் போகவில்லை.

பெரிய படமும் இதுபோலத்தான். குவாண்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூட 2009 ஜனவரியில் அதிபர் ஒபாமா ஆணையிட்டார். சுமார் 780 பேர் அடைக்கப்பட்ட அந்த இடத்தில் 2025 தொடக்கத்திலும் 15 பேர் இருந்தார்கள். உளவுத்துறையின் சித்திரவதைத் திட்டம் பற்றிய செனட் குழு அறிக்கையின் சுருக்கம் 2014 டிசம்பரில் வெளிவந்தது. 6,700 பக்கங்களுக்கும் மேற்பட்ட முழு அறிக்கை இன்றும் இரகசியம். திட்டத்தை வகுத்தவர்கள் எவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. உண்மையின் ஒரு பகுதியைச் சொல்லிவிட்டு உரியவரின் உரிமையைத் திருப்பித் தராவிட்டால், பிறருக்கு உபதேசம் செய்யும்போது கேட்பவர் புருவத்தை உயர்த்தத்தான் செய்வார்.

நம் நாட்டின் கணக்கு

இதையெல்லாம் படிக்கும் நமக்கு, இந்தியாவில் இத்தகையவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வி எழும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதி செய்யவில்லை. பொய் வழக்கில் சிறையில் இருந்தவர்களுக்கு நஷ்ட ஈடும் நிவாரணமும் தரச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்படி ஒரு தனிச் சட்டம் இன்னும் வரவில்லை.

அதனால் நிவாரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அக்ஷர்தாம் வழக்கில் ஆறு முஸ்லிம்களை உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் விடுதலை செய்தது. நஷ்ட ஈடு கேட்டபோது 2016-ல் மறுத்துவிட்டது. 1994-ல் உளவு வழக்கில் சிக்கவைக்கப்பட்ட இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு, அதே நீதிமன்றம் 2018 செப்டம்பரில் 50 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அது சரியான தீர்ப்பு. அவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கும்படி ஒரு சட்டம் இருந்தால் போதும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நாடு இழந்த நம்பிக்கையை மீட்கும் வழியைச் சுருக்கமாகத் தொகுத்துக்கொள்வோம்.

1. தவறு செய்த துறையே தன்னை விசாரித்துக்கொள்ளக் கூடாது. கோப்புகளைத் திறக்கும் அதிகாரத்துடன், சுதந்திரமான ஒருவர் பகிரங்கமாக விசாரிக்க வேண்டும்.

2. பாதிக்கப்பட்டவர் குற்றமற்றவர் என்றால், அதைப் பெயர் சொல்லி, ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்க வேண்டும்.

3. அரசின் தலைமையே குடும்பத்தாரையும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நஷ்ட ஈடு அதனுடன் வர வேண்டும்.

4. பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும். கனடாவில் தலைவர் பதவி விலகினார். செய்தி கசியவிட்டவர்கள் மீது வழக்கு வரவில்லை. அது இன்றும் தீராத குறை.

5. அந்தத் தவறு மறுபடி நடக்காதபடி சட்டம் மாற வேண்டும். புகழ் பெற்ற ஒருவருக்குச் செய்ததைப் புகழில்லாதவருக்கும் செய்ய வேண்டும்.

இந்தப் பட்டியலில் கனடா சிலவற்றை நன்றாகச் செய்தது, சிலவற்றைத் தாமதமாகச் செய்தது, சிலவற்றை விட்டுவிட்டது. எந்த அளவுக்குச் செய்ததோ அந்த அளவுக்கே அதன் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு சொல் இருக்கிறது. அரார் மீதான பழி, பெயர் சொல்லாத அதிகாரி ஒருவரின் வாயில் இருந்து நாளிதழுக்கும், நாளிதழில் இருந்து வீடுகளுக்கும் போனது. இன்று அந்தப் பயணத்துக்கு ஒரு நிமிடம் போதும். "விசாரணையில் தெரியவந்தது" என்று எவரோ அனுப்பிய செய்தியை நம் வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவதற்கு முன் ஒரு கணம் நிற்போம். அவர் எந்தச் சமூகத்தவர் ஆனாலும் சரி. அரசு திரும்பப் பெறப் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும் ஒரு பழியில், நம்முடைய பங்கும் இருந்துவிட வேண்டாம்.